எம்ஜிபிக்கு எந்த கியர் பாக்ஸ்? நெல்லைச் சாலைகளை வைத்து ஓர் ஒப்பீடு

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கூரையில்லாத ரோட்ஸ்டரை வண்ணார்பேட்டையில் எடுத்து, நாற்கரச் சாலையில் ஏற்றி, நாங்குநேரி தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர் முள் 3,470 பக்கம் நிற்கும். வள்ளியூர் வருவதற்குள் காது இரைகிறது. பணகுடி வருவதற்குள் ஆயில் நன்றாகச் சூடேறி, பிரஷர் முள் கொஞ்சம் இறங்கியிருக்கும். வண்டியில் பழுது எதுவும் இல்லை. 1962-ல் வந்த வண்டிக்கு நாலாவது கியர் நேர் ஓட்டம் (எஞ்சின் ஒரு சுற்றுக்குப் பாக்ஸின் வாலும் ஒரு சுற்று), பின் அச்சு 43-க்கு 11 பல், அதாவது 3.909. இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு 28.8 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். கன்னியாகுமரி வரை இப்படியே போவது எஞ்சினுக்கும் ஓட்டுகிறவருக்கும் அலுப்பு.

அதனால்தான் "வேறு கியர் பாக்ஸ் போடலாமா?" என்ற கேள்வி வருகிறது. வழிகள் ஐந்தாறு உண்டு. எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பொருந்தும். எதைப் போட்டால் எதை இழக்கிறோம் என்பதில்தான் தீர்மானம் இருக்கிறது.

முதலில் பழைய பாக்ஸைக் கேளுங்கள்

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு கிளட்ச்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் கீழே ஓடும் துணைத் தண்டு) பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் ரிலீஸ் பேரிங். எம்ஜிபியில் அது உருளை பேரிங் அல்ல, கார்பன் வளையம். தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும். ஒன்று, இரண்டு, மூன்றாவது கியர்களில் ஊளையிட்டு நாலாவதில் அடங்கிவிட்டால் லே ஷாஃப்ட் தொகுதி. நாலாவது நேர் ஓட்டம் என்பதால் அப்போது அதன் மேல் பளு கிடையாது. இரண்டாவது கியர் போடும்போது மட்டும் கரகரத்தால் சின்க்ரோ ரிங், அதாவது கியர் விழும் முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்.

ஆயிலை ஒரு வெள்ளை வேட்டித் துணி வழியாக வடித்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் கொஞ்சம் இருந்தால் அது சின்க்ரோ ரிங்கின் தேய்மானம், பயமில்லை. ஊசி மாதிரி இரும்புச் சிலும்பு கையில் குத்தினால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. பாக்ஸை அவிழ்த்தே ஆகவேண்டும். எப்படியும் அவிழ்க்கப்போகிறோம் என்ற அந்த நேரம்தான் மாற்றத்தை யோசிக்கச் சரியான நேரம். காரணம், எம்ஜிபியில் கியர் பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்க முடியாது. எஞ்சினோடு சேர்த்துத்தான் தூக்கவேண்டும். பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர், சைலன்ஸர் பைப், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் கிராஸ் மெம்பர் எல்லாம் கழன்றாக வேண்டும். செயின் பிளாக்கில் வால் பக்கம் தாழ, நல்ல சாய்வில் தூக்கவேண்டும். அந்த வேலையை இரண்டு முறை செய்ய யாருக்கும் மனசு வராது.

வண்டி எந்த வருஷத்தது?

இதைக் கேட்காமல் யாரிடமும் பாக்ஸ் வாங்காதீர்கள். 1967 கடைசி வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. அதற்குப் பிறகு வந்த மார்க் 2-ல் நாலு கியருக்கும் உண்டு. புதிய பாக்ஸ் அகலம் கூடியது. அதற்காக கம்பெனியே நடு டனலை, அதாவது இரண்டு இருக்கைக்கும் நடுவே பாக்ஸை மூடியிருக்கும் தகட்டு மேட்டை, அகலப்படுத்தியது. ஆகவே பிந்தைய நாலு சின்க்ரோ பாக்ஸைப் பழைய வண்டியில் நுழைக்க டனலை வெட்டவேண்டும். எஞ்சின் பின்தகடு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டாரும் வேறு வேறு.

டனலை வெட்டுவதைச் சின்ன வேலையாக நினைக்கக் கூடாது. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் இல்லை, உடம்பே எலும்பு. கூரையில்லாத ரோட்ஸ்டரில் டனலும் கதவுகளுக்குக் கீழே ஓடும் இரு பக்கச் சட்டங்களும்தான் வண்டியை முறுக்காமல் பிடித்திருக்கின்றன. இன்னொன்று, 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி 50 ஆண்டு தாண்டிய காரை வின்டேஜ் வாகனமாகப் பதிய, அது மூல வடிவிலேயே இருக்கவேண்டும்; சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த வரியில் கியர் பாக்ஸ் பெயர் இல்லை, பாடி ஷெல் இருக்கிறது. 1970-களின் தொடக்கம் வரையிலான எம்ஜிபிகள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டியவை. எனவே எங்கள் முதல் விதி: டனலில் கட்டர் வைக்கச் சொல்லும் எந்த வழியும் வேண்டாம்.

பின் அச்சை மட்டும் மாற்றுவது

கியர் பாக்ஸைத் தொடாமல், பின் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றுவது சிக்கனமாகத் தோன்றும். எம்ஜிபியின் ஆறு சிலிண்டர் உறவான எம்ஜிசியில் வந்த 3.307 போட்டால் 100 கிலோமீட்டரில் சுற்று 2,940 பக்கம் இறங்கிவிடும். எம்ஜிபி வி8-ல் வந்த 3.07 இன்னும் நீளம்.

விலை முதல் கியரில் தெரியும். நாலு சின்க்ரோ பாக்ஸின் மூல அமைப்பில் முதல் கியரில் 1,000 சுற்றுக்கு 8.4 கிலோமீட்டர் வேகம். 3.307-ல் அது 9.9 ஆகிவிடும். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் முன்னே லாரி நின்று, நாமும் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சை இழுத்து இழுத்து விடவேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் கருகல் வாடை வந்துவிடும். சமவெளியை விட்டு அசையாத வண்டிக்குச் சரி. குற்றாலமும் ஆரியங்காவும் போகிற வண்டிக்கு நாங்கள் சொல்லமாட்டோம்.

அதே வம்சத்து ஓவர்டிரைவ்

ஓவர்டிரைவ் என்பது பாக்ஸுக்குப் பின்னே நின்று, அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் தொகுதி. லேகாக் ஓவர்டிரைவ் எம்ஜிபிக்குக் கம்பெனியே கொடுத்த சாமான். பழைய மூன்று சின்க்ரோ பாக்ஸுக்கு டி வகை, விகிதம் 0.802. பிந்தைய நாலு சின்க்ரோ பாக்ஸுக்கு எல்ஹெச் வகை, 0.82. எல்ஹெச் போட்டால் 100 கிலோமீட்டரில் சுற்று 2,850, 80-ல் 2,280. முதல் கியர் பழையபடியே 3.44. ஏற்றத்தில் எதையும் இழக்கவில்லை.

இதன் உண்மையான ருசி மூன்றாவது கியரில் இருக்கிறது. மூன்றாவது 1.382. அதன் மேல் ஓவர்டிரைவ் தட்டினால் 1.133. அதாவது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இன்னொரு கியர். ஆரியங்காவு ஏற்றத்தில் மூன்று அலறுகிறது, நாலு இழுக்கவில்லை என்ற இடங்களில் விரலால் சுவிட்சைத் தட்டினால் போதும், கியர் கம்பியைத் தொடவே வேண்டாம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் வண்டியைத் தள்ளும்போதும் அப்படித்தான்: காற்று முகத்தில் அடித்தால் அணை, தணிந்ததும் போடு. ஆனால் 1977 முதல் வந்த வண்டிகளில் ஓவர்டிரைவ் நாலாவது கியரில் மட்டும் வேலை செய்யும். பாக்ஸ் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் பழுது பார்ப்பது எளிது. மெயின் ஷாஃப்டில் உள்ள கேம் ஒரு சின்ன பம்பை ஓட்டுகிறது. சாலினாய்டு (மின்சாரம் வந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) இயக்கும் வால்வு மாறியதும் ஆயில் அழுத்தம் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. கூம்பு கிளட்ச் நகர்ந்து வெளி பிரேக் வளையத்தில் பிடிக்கிறது. சன் கியர் நின்றுவிடுகிறது. பின் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது. நேர் ஓட்டத்துக்கு உள்ளே ஒருவழி உருளை கிளட்ச் உண்டு. ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் அந்த உருளை கிளட்ச் உடையும். அதைத் தடுக்கத்தான் பாக்ஸின் மேல் இன்ஹிபிட்டர் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மூன்று, நாலில் மட்டுமே அது மின்சாரம் விடும். "சுவிட்ச் போயிட்டு அண்ணாச்சி, நேரா கொடுத்திருவோம்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓவர்டிரைவைக் கொல்வதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை.

ஓவர்டிரைவ் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மின் இணைப்புதான். வண்டிக்கு அடியில் படுத்து சாலினாய்டு வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்து 'டக்' சத்தமும் கேட்டுப் பிடிக்கவில்லை என்றால்தான் உள்ளே போகவேண்டும்: ஆயில் மட்டம், அடிமூடிக்குள் இருக்கும் வலை ஃபில்டர், வால்வின் ஓ-ரிங், கடைசியாக ரிலீஃப் வால்வு. இந்த வரிசையிலேயே பாருங்கள். அடிமூடியில் காந்தமும் உண்டு. அதில் ஒட்டியிருப்பது பாக்ஸின் கதையைச் சொல்லிவிடும். டி வகை சாலினாய்டு இழுக்கும்போது 15 ஆம்பியருக்கு மேல் வாங்கும், பிடித்தபின் சுமார் 1 ஆம்பியர்தான். உள்ளே உள்ள தொடுமுனை விலகாமல் நின்றால் காயில் கருகிவிடும். அதற்கு ரிலே கட்டாயம்.

ஓவர்டிரைவை மட்டும் வாங்கி நம் பாக்ஸின் வாலில் மாட்ட முடியாது. மெயின் ஷாஃப்டே வேறு. முழுத் தொகுதியாக வாங்கவேண்டும். பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. அது எஞ்சின் ஆயில், 20டபிள்யூ-50, சுமார் 3.4 லிட்டர். ஊற்றி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, ஓவர்டிரைவை நாலைந்து முறை போட்டு எடுத்தபின் மறுபடி மட்டம் பாருங்கள். ஓவர்டிரைவுக்குள் ஆயில் போய் நிற்பதால் மட்டம் இறங்கியிருக்கும். பின் அச்சுக்கு ஊற்றும் ஹைபாய்டு ஆயில், வழவழப்புக் கூட்டும் மருந்து எதையும் கலக்காதீர்கள்: கூம்பு கிளட்ச் வழுக்கும், சின்க்ரோ ரிங்கின் பித்தளையும் கெடும். 20டபிள்யூ-50 பாளையங்கோட்டை முதல் பாவூர்சத்திரம் வரை எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும் என்பது சின்ன வசதி அல்ல.

வெளிநாட்டு ஐந்து கியர் கிட்

இங்கிலாந்திலிருந்து இரண்டு வகை வருகின்றன. ஒன்று ஃபோர்டு டைப் 9, சியரா காரில் இருந்தது. இன்னொன்று மாஸ்டா எம்எக்ஸ்-5 பாக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கிட்டில் பெல் ஹவுசிங் (பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவக் கூடு), கிராஸ் மெம்பர், கிளட்ச் பிளேட், பைலட் புஷ் (இன்புட் ஷாஃப்டின் மூக்கைத் தாங்கும் வளையம்), புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகிய ஆறும் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியின் வருஷத்தையும் பின்தகட்டின் படத்தையும் அனுப்புங்கள். ஆறில் ஒன்று குறைந்தாலும் வண்டி செட்டுக்குள் மாதக்கணக்கில் நிற்கும்.

இரண்டுக்கும் ஐந்தாவது கியர் ஏறக்குறைய ஒன்றுதான்: டைப் 9-ல் 0.82, மாஸ்டாவில் 0.81. நாற்கரச் சாலையில் ஓவர்டிரைவுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் கீழே இருக்கிறது. சாதாரண டைப் 9-ல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. முதலில் 4,000 சுற்று வரை போய் இரண்டுக்கு மாற்றினால் முள் 2,160-க்கு விழும். எம்ஜிபியின் சொந்தப் பாக்ஸில் அதே மாற்றம் 2,520-ல் நிற்கும். மாஸ்டாவில் 2,410. ஏற்றத்தில் டைப் 9-க்கும் எம்ஜிபிக்கும் உள்ள இந்த 360 சுற்று பெரிய விஷயம். டைப் 9-ல் முதல் கியர் சீக்கிரம் தீர்ந்துவிடும், இரண்டாவது மூச்சு வாங்கும். வி6 சியராவின் பாக்ஸில் முதல் கியர் 3.36 என்று நீளம் கூடினாலும் முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள பள்ளம் அதேதான். அதன் இன்புட் ஷாஃப்டும் நீளம் வேறு.

கை உணர்வில் மாஸ்டா முன்னே நிற்கிறது. மாற்றம் சின்னது, சுத்தமானது. டைப் 9 ஒல்லியான பாக்ஸ் என்பதால் பழைய குறுகிய டனலிலும் நுழையும். முன்சொன்ன மூன்று சின்க்ரோ வண்டிக்காரர்களுக்கு அது ஆறுதல். ஆனால் டைப் 9 பலவற்றில் ஆயில் வடிக்கும் போல்ட்டே கிடையாது. ஊற்றும் துளை வழியாக சிரிஞ்ச் போட்டு உறிஞ்சி எடுக்கவேண்டும். இதை அறியாமல் ஆயில் மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு.

சியராவும் எம்எக்ஸ்-5-உம் நம் நாட்டில் விற்கப்படாதவை. உள்ளே ஒரு பேரிங் போனால்கூட எண் பார்த்து வெளியிலிருந்துதான் வரவழைக்கவேண்டும். எம்ஜிபியின் சொந்தப் பாக்ஸுக்கும் அதே நிலைதான் என்றாலும், அதை அவிழ்க்க புத்தகம் இருக்கிறது, பழகிய கை இருக்கிறது.

உள்ளூர் வழிகள்

அம்பாசடர் பாக்ஸ் பொருந்தும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பழைய அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1,798 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் வம்சம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாக்ஸ் ஸ்டீரிங் கம்பத்தில் கியர் போடுவது. அதுவும் நாலு கியர்தான், ஓவர்டிரைவ் இல்லை. லிங்கேஜ் எல்லாம் மாற்றிச் செய்து முடித்தாலும் கிடைப்பது ஏற்கெனவே இருந்ததுதான். விட்டுவிடுங்கள்.

ஜிப்ஸி கிங்கின் ஐந்து கியர் பாக்ஸ் எளிதில் கிடைக்கும். 3.652-ல் தொடங்கி 0.795 வரை நல்ல விகிதங்கள். ஆனால் ஜிப்ஸியில் அந்தப் பாக்ஸை ஓட்டும் எஞ்சின் சுமார் 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவது. எம்ஜிபி சுமார் 149 தருகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பளு, பல் தாங்காது. இன்னொரு கண்ணியும் உண்டு: ஜிப்ஸியில் ஸ்பீடோமீட்டர் கேபிள், முன் பின் அச்சுகளுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வருகிறது. பாக்ஸை மட்டும் எடுத்தால் கேபிள் மாட்ட இடமே இருக்காது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி 948 சிசி வண்டிக்கு அதை யோசிக்கலாம்.

மிஞ்சுவது இசுசு. அம்பாசடர் 1800-லும் கான்டெஸா 1.8-லும் வந்த ஐந்து கியர், தரைக்கம்பி பாக்ஸ். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு என்றே வந்தது என்பதால் பலம் போதும். நம் ஊர் மெக்கானிக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆனால் எம்ஜிபிக்குப் பொருத்த கிட் என்று எதுவும் இல்லை. இணைப்புத் தகடு லேத்துப் பட்டறையில் கடைய வேண்டும். இந்த வழி பிழைப்பதும் சாவதும் அந்தத் தகட்டில்தான்.

வாங்குமுன் மூன்று அளவு எடுங்கள்: எஞ்சின் பின்தகட்டு முகத்திலிருந்து கியர் கம்பி நடு வரை, மவுன்டிங் நடு வரை, பின் ஃபிளாஞ்ச் முகம் வரை. கம்பி டனல் துளைக்கு நேரே வராவிட்டால் அந்தப் பாக்ஸ் வேண்டாம். விகிதத்தை யார் சொல்வதையும் நம்பாமல் கையால் எண்ணுங்கள். இன்புட், அவுட்புட் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஐந்தாவது கியரில் வைத்து, அவுட்புட் 10 சுற்று முடியும்வரை இன்புட்டைச் சுற்றுங்கள். 8 சுற்றும் கொஞ்சமும் வந்தால் விகிதம் 0.8 சொச்சம்.

தகட்டைப் போல்ட் துளைகளை நம்பி மையப்படுத்தக் கூடாது. போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே ஆட்டம் எப்போதும் இருக்கும். செய்யவேண்டியது இது: ஃப்ளைவீல் மேல் காந்தக் கால் டயல் கேஜை (மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் அளவி) நிறுத்தி, ஊசியைப் பெல் ஹவுசிங்கின் மையத் துளை விளிம்பில் தொடவைத்து, கிராங்க் ஷாஃப்டை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள்ளின் மொத்த ஆட்டம் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும், 0.12-க்குள் வந்தால் நிம்மதி. அதேபோல் முகத்தையும் பாருங்கள். சரியானதும் அந்த நிலையிலேயே இரண்டு டவல் பின்னுக்கு (இடம் மாறாமல் பிடிக்கும் ஆட்டமில்லாத முளை) துளையிட்டு அறைந்துவிட வேண்டும். அப்புறம் எத்தனை முறை கழற்றினாலும் "தட்டு உக்காந்துட்டு" என்று தைரியமாகச் சொல்லலாம். மையம் விலகினால் முதலில் கிளட்ச் முழுசாக விடாது, கியர் கரகரக்கும். பிறகு இன்புட் பேரிங் ஊளையிடும். கடைசியில் நாலாவது கியர் தானாக நழுவும். அப்போது பாக்ஸைக் குறை சொல்லி அவிழ்ப்பார்கள். குற்றம் தகட்டில் இருக்கும்.

கிளட்ச் பிளேட்டும் கலப்புதான்: வெளிவிட்டம் எம்ஜிபியின் 8 அங்குலம், நடு ஹப்பின் உள்பற்கள் புதிய பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைனுக்கு ஏற்றவை. பைலட் புஷ்ஷை இன்புட் ஷாஃப்டின் மூக்கு அளவுக்குக் கன்மெட்டலில் கடையுங்கள். பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும்போது அதன் கனத்தை ஒரு கணம்கூட இன்புட் ஷாஃப்டில் தொங்கவிடாதீர்கள். கிளட்ச் ஹப் வளைந்துவிடும், புதுப் பிளேட் முதல் நாளே இழுக்கும்.

புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டினால் இரு முனையிலும் கிராஸ் ஜாயின்ட்டைப் பிடிக்கும் நுகங்களும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். பாக்ஸ் ஃபிளாஞ்சும் பின் அச்சு ஃபிளாஞ்சும் இணையாக, கிராஸ் ஜாயின்ட் கோணம் 3 பாகைக்குள். ஒட்டியபின் மெஷினில் பேலன்ஸ் செய்யாமல் மாட்டக் கூடாது. 70 கிலோமீட்டருக்கு மேல் தரை அதிர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எங்கள் வரிசை

1967-க்குப் பிந்தைய வண்டியா? எல்ஹெச் ஓவர்டிரைவோடு முழு நாலு சின்க்ரோ பாக்ஸ். வேறு எதையும் தேட வேண்டாம். வண்டி வண்டியாகவே இருக்கும். முந்தைய வண்டியா? டி வகை ஓவர்டிரைவோடு மூன்று சின்க்ரோ பாக்ஸ். அது கிடைக்காவிட்டால், அல்லது சின்க்ரோ இல்லாத முதல் கியர் ஜங்ஷன் நெரிசலில் கை வலிக்க வைத்தால், பழைய பின்தகட்டுக்கு ஏற்ற பெல் ஹவுசிங்கோடு டைப் 9. தினமும் ஓட்டுகிற, பதிவு வகை பற்றிக் கவலை இல்லாத பிந்தைய வண்டிக்கு மாஸ்டா நல்ல தேர்வு. இசுசுவை, டயல் கேஜ் வைத்திருக்கிற, வைத்திருப்பதோடு அதைப் பயன்படுத்தவும் செய்கிற பட்டறை கைவசம் இருந்தால் மட்டும் தொடுங்கள். எதைப் போட்டாலும் கழற்றிய மூலப் பாக்ஸை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள், இரும்புக்கடைக்குப் போடாதீர்கள்.

மாட்டி முடித்தபின் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பாக்ஸுக்குப் பாக்ஸ் அதன் பற்சக்கரம் வேறு. கங்கைகொண்டானிலிருந்து கயத்தாறு வரை சாலை நேராக இருக்கிறது. காலையில் கூட்டம் இல்லாத நேரம் முள்ளை 60-ல் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கல்லுக்குச் சரியாக 60 வினாடி வரவேண்டும். 54 வந்தால் உண்மையான வேகம் 67. முள் குறைத்துக் காட்டுகிறது. ஐந்து கல் எடுத்துச் சராசரி போட்டு, அந்தக் கணக்கோடு மீட்டரைச் சரிசெய்யக் கொடுங்கள். அன்றே வீடு திரும்பியதும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.